வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் போன இருபத்துநாலு கிலோ

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள்: நான், ரிஸ்வானா மிஸ், என் சோற்றுப் பார்சல். இல்லாதவர்கள்: சேர்வரைப் பார்க்கும் பர்ஹான் (ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றான்); முதலாளி (கொழும்பில்); என் கவனம் (பார்சலுக்குள்).

ரிஸ்வானா மிஸ்ஸிடம் வேலை பார்த்த எவரும் ஒரு பிழையைப் பற்றி எழுதும்போது இப்படித்தான் தொடங்குவார்கள். “முதல்ல யார் இருந்தாங்க, யார் இருக்கல்ல எண்டு எழுதுங்க,” என்பார். “பாதிப் பிழை ஆள் இல்லாத நேரம் வாறது. மற்றப் பாதி, ஆள் இருந்தும் பார்க்காத நேரம் வாறது.” வேலையை விட்ட பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் முதலில் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஓம், நான் ஓய்வு பெற்றவன். வயது முப்பத்திரண்டு. அப்பா நாற்பது வருஷத்துக்கு மேல் கடலுக்குப் போய் இன்னும் ஓய்வு பெறவில்லை. நான் ஏழு வருஷத்தில் முடித்துக்கொண்டேன். நாங்கள் கையால் எழுதிய புரோகிராமைக் கம்பனி நிறுத்திவிட்டு, மாத வாடகைக்கு ஆயத்தமாகக் கிடைக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டது. பார்ப்பதற்குப் புரோகிராம் இல்லாததால் பார்ப்பவனும் தேவைப்படவில்லை. தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகள் தங்கள் ஆண்டு மலருக்கு “அண்ணா, பல வேலையாட்களை ஒரே நேரம் ஓடவிட்டால் வாற பிழைகளைப் பற்றி எழுதித் தாங்கோ” என்று கேட்டார்கள். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் விட்ட பிழைகள்தான்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு எந்தக் கட்டிடத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்த்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு டிப்ளோமா, அதற்குப் பிறகு புத்தளம் பக்கம் இந்த வேலை. இறால் பண்ணைகளுக்கு நாங்கள் சேவை செய்தோம். குளங்களுக்குள் அளவிகள் இருக்கும். அவை சொல்லும் கணக்கை வைத்து, எந்தக் குளத்துக்கு எந்த வேளை எத்தனை கிலோ தீன் போட வேண்டும் என்று பண்ணையாட்களின் போனுக்கு மெசேஜ் அனுப்புவோம். நேரம் பார்த்து அந்த வேலைகளைப் பின்னணியில் ஏவுகிற புரோகிராம்தான் என் பொறுப்பு.

முதல் சம்பளத்தோடு வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டார், “என்ன வேலையடா மகன்?”

“நேரத்துக்கு நேரம் வேலையை ஏவுற ஒண்டு இருக்கம்மா. அது ஒழுங்கா ஏவுதா எண்டு பாக்கிறது.”

“அப்ப அது கங்காணி. நீ கங்காணிக்குக் கங்காணி.” அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வெயில்ல நிக்கத் தேவையில்லையே?”

ஏழு வருஷத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கவில்லை. ஆகவே இங்கேயும் கங்காணி என்றே சொல்கிறேன்.

தொடக்கத்தில் எங்கள் கங்காணிக்குக் கீழ் ஒரேயொரு வேலையாள்; அவனும் மனிதனல்ல, கணினிக்குள் ஓடுகிற புரோகிராம்தான். பண்ணைகள் கூடக் கூட, பன்னிரண்டு மணித் தீனுக்கான மெசேஜ் பன்னிரண்டரைக்குப் போகத் தொடங்கியது. ஒரே நேரத்தில் நான்கு வேலையாட்களை ஓடவிடுவோம் என்று நான்தான் சொன்னேன். என் மடிக்கணினியில் எழுதி, ஓடவிட்டுவிட்டுத் தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வர, கணினியின் விசிறி தையல் மெஷின் மாதிரிக் கத்துகிறது. திரை அசையவில்லை.

ரிஸ்வானா மிஸ் வந்தார். கனமூலை ஊர்க்காரர், குரல் உயர்த்த மாட்டார், விசைப்பலகையைத் தொடவும் மாட்டார். கணினியின் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்கிற மாதிரி. பிறகு ஒரு வெள்ளைத் தாளை நடுவில் மடித்து என் முன் வைத்தார். ஒரு பக்கம் ‘கண்டது’, மறுபக்கம் ‘நினைச்சது’.

“எழுதுங்க.”

கண்டதில் எழுதினேன்: வைரஸ் புகுந்துள்ளது.

“வைரஸக் கண்டீங்களா? என்ன நிறம்?”

வெட்டிவிட்டு மறுபக்கத்தில் எழுதினேன். கண்டதில் மிஞ்சியது: விசிறி சத்தம் போட்டது. அதற்குக் கீழே, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்த பிறகு: நான்கு வேலையாட்களுக்குப் பதில் நானூறுக்கு மேல் நிற்கிறார்கள். நடந்தது இதுதான். என் கணினி வகையில் புது வேலையாள் ஒவ்வொருவனும் வேலைப் புத்தகத்தை, அதாவது என் நிரலை, முதல் வரியிலிருந்து வாசிப்பான். நான் எழுதிய முதல் வரி: நான்கு வேலையாட்களை எடு. ஆகவே வந்த ஒவ்வொருவனும் நான்கு பேரை எடுத்தான். அந்த நான்கு பேரும் தலைக்கு நான்கு பேரை எடுத்தார்கள். ஒருவனும் தீனுக்குப் போகவில்லை. எல்லோரும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ‘நீ கங்காணியாக இருந்தால் மட்டும் ஆள் எடு’ என்று ஒரு வரி சேர்க்க, அடங்கியது.

“அரசாங்கக் கந்தோர் மாதிரி,” என்றார் மிஸ்.

இரண்டாவது பிழை எங்கள் கழிப்பறை மாதிரி. அலுவலகத்துக்கு ஒரு கழிப்பறை, ஒரு சாவி, சாவிக்கு ஓர் ஆணி. சாவி ஆணியில் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். மெசேஜ் அனுப்பும் கருவி ஒன்றே என்பதால் என் நான்கு வேலையாட்களுக்கும் இதே ஒழுங்கைத்தான் செய்திருந்தேன். ஒருநாள் ஒரு வேலையாள் சாவியை வைத்துக்கொண்டே செத்துப்போனான். மற்ற மூவரும் மரியாதையாக வரிசையில் நின்றார்கள். யாருக்கும் மெசேஜ் போகவில்லை. பிழை என்று ஒரு எழுத்தும் வரவில்லை. மூன்று மணித்தியாலம் நான் நிரலில் பிழையைத் தேடினேன். அதே பகல், பர்ஹான் உண்மையான சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மின்சாரக் கந்தோருக்குப் போயிருந்தான். மூடின கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு இரண்டு கோளாறும் ஒன்றாக விளங்கின. சாவியை எடுத்தவன் இத்தனை நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் அந்தச் சாவி செல்லாது, புதுச் சாவி வரும் என்று மாற்றினேன். புரோகிராமில் மட்டும். கழிப்பறைக்கு அந்த வசதி இல்லை.

இவை சிரிக்கிற பிழைகள். அடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது.

நான்கு வேலையாட்கள் வந்த பிறகு, பதிவேட்டில் இடைக்கிடை விசித்திரமான வரிகள் விழுந்தன. கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் பொருத்தமில்லை என்ற மாதிரி ஒரு பிழை. எப்போதாவது வரும். திரும்ப ஓடவிட்டால் வராது. நான் என்ன செய்தேன் என்றால், பிழை வந்தால் பேசாமல் இன்னொரு தரம் முயற்சி செய் என்று ஒரு வரி எழுதினேன். பதிவேடு சுத்தமானது. நான் பிழையைத் திருத்தவில்லை, அதன் வாயைப் பொத்தினேன். ரிஸ்வானா மிஸ்ஸுக்கு அதைச் சொல்லவுமில்லை. ‘கண்டது’ பக்கத்தில் எழுத வேண்டிய ஒன்றைக் காணாத மாதிரி இருந்தேன்.

இனிப் பிலோமினா அக்கா. நுரைச்சோலையைத் தாண்டி, களப்பு ஓரமாக இரண்டு சின்னக் குளங்கள் குத்தகைக்கு எடுத்து நடத்தினார். புருஷன் இல்லை. முந்தைய போகம் முழுக்க வெள்ளைப்புள்ளி நோயில் போயிருந்தது. இந்தப் போகமும் போனால் குத்தகையைப் புதுப்பிக்க வழியில்லை, குளத்தை விட்டுவிட்டு இன்னொருவர் பண்ணையில் கூலிக்குப் போக வேண்டியதுதான். இதை அவர் சேவையில் சேர்ந்த அன்றே, கதிரையில் உட்காரும் முன்னமே சொன்னார்.

எங்கள் மெசேஜ் ஒவ்வொன்றோடும் அவர் பேரம் பேசுவார். ஆறு கிலோ என்று போனால் உடனே போன் வரும்.

“தம்பி நிரோஷன், ஆறு கூடத்தானே. இண்டைக்கு வானம் மப்பு. அஞ்சரை போடட்டே?”

“அக்கா, மப்பையும் சேத்துத்தான் அது கணக்குப் பாக்குது.”

“அது மேல பாத்ததே?”

“அளவி இருக்கக்கா.”

“அளவி தண்ணிக்குள்ள எல்லோ கிடக்கு. அது எப்பிடி மேல பாக்கும்?”

இப்படி ஒரு நாளைக்கு நான்கு வேளை. கடைசியில் ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்: “அக்கா, போனில என்ன வருதோ அதைப் போடுங்கோ. உங்கட கைக்கணக்கை விடுங்கோ. நாங்கள் படிச்சிட்டுத்தானே செய்யிறம்.” அந்தக் கடைசி வசனத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அவர், “சரி தம்பி, படிச்ச பிள்ளை சொல்லுறாய்,” என்றார். அதிலிருந்து போன் வருவது நின்றது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கன நாளுக்குப் பிறகு அவர் அழைத்தார்.

“தம்பி, ரெண்டாங் குளத்துக்கு இருபத்துநாலு கிலோ எண்டு வந்திருக்கு.”

நான் வாயில் சோற்றோடு இருந்தேன். திரையைப் பார்க்கவில்லை. பழைய பேரம் திரும்பத் தொடங்குகிறது என்று மட்டும் நினைத்தேன்.

“அக்கா, மெசேஜில என்ன இருக்கோ அதைப் போடுங்கோ.”

“அது ஒரு சாக்கு வரும் தம்பி.”

“போடுங்கோ அக்கா.”

மூன்றரைக்கு மறுபடி அழைத்தார். தீன் போட்டு ஒன்றரை மணித்தியாலத்தில், கயிற்றில் கட்டி இறக்கின தட்டை இழுத்துப் பார்ப்பது வழக்கம். தட்டில் ஒன்றும் இருக்கக் கூடாது. “தட்டு நிரம்பி வழியுது,” என்றார். கோபமில்லை, அழுகையில்லை. “நீ போடச் சொன்னனி, நான் போட்டிட்டன்.”

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். அந்தக் குளத்துக்கு ஆறு கிலோ. ஆனால் போனது இருபத்துநாலு.

ரிஸ்வானா மிஸ்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், வாயைப் பொத்தின வரியையும் சேர்த்து. அவர் ஏசவில்லை. கம்பனி வான் வண்டியின் சாவியை எடுத்தார். “கம்பியூட்டர் நாளைக்கும் இரிக்கும். குளம் இரிக்காது.”

வெயில் சாயும் முன் போய்ச் சேர்ந்தோம். மிஞ்சின தீன் அடியில் அழுகினால் தண்ணீரில் இறாலுக்கு மூச்சுக்காற்று இல்லாமல் போகும். தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரங்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டோம். அடித்தண்ணீரைத் திறந்துவிட்டு, புதுத்தண்ணீர் ஏற்றினோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு சக்கரம் இரவலாகத் தந்தார்கள். நானும் முழங்கால் சேற்றில் நின்று கயிறு பிடித்தேன். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவன், முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு தரம் விழுந்தேன்.

“எழும்பு,” என்றார் அக்கா. “இறாலுக்கே மூச்சு விட ஏலாம இருக்கு, நீயும் கலக்காதே.”

சனிக்கிழமை காலை அலுவலகத்தில் மூவரும் இருந்தோம். மடித்த தாள் மேசையில். டேட்டாபேஸ் தன் பக்கம் வைத்திருந்த பதிவைப் பார்த்து, வாயைப் பொத்தின வரி எத்தனை தரம், எந்த நாள், எந்த நேரம் வேலை செய்திருக்கிறது என்று பர்ஹான் எண்ணி எழுதினான். எழுதிக்கொண்டு போனவன் நிறுத்தினான்.

“மச்சான், உன்ட பிழைக்கு ஜும்ஆ கடமை போல. வெள்ளிக்கிழமை தவறாம வருது.”

பார்த்தோம். மாதக்கணக்காக, கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளி. எல்லாமே இரண்டு மணி.

மிஸ் தாளைத் திருப்பினார். “வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு என்ன இரிக்கி?”

சொல்ல வேண்டியவன் நான்தான், ஏனென்றால் அதை ஒழுங்கு செய்தவனும் நான். மற்ற நாட்களில் மத்தியானத் தீன் பண்ணைக்குப் பண்ணை வேறு நேரம்: பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டே முக்கால். வெள்ளிக்கிழமை மட்டும் பெரிய பண்ணைகள் எல்லாம் ஒரே குரலில், ஜும்ஆ முடிந்து இரண்டு மணிக்குப் போடுங்க என்று கேட்டிருந்தன. ஆகவே மற்ற நாட்களில் ஒரு வேலையாள் கேட்டு முடிந்த பிறகுதான் பெரும்பாலும் அடுத்தவன் கேட்பான். வெள்ளி இரண்டு மணிக்கு மட்டும் நான்கு பேரும் ஒரே கணத்தில் டேட்டாபேஸைக் கூப்பிடுவார்கள்.

“கூப்பிட்டா என்ன? கூப்பிடத்தானே நாலு பேர்,” என்றான் பர்ஹான்.

கூப்பிடலாம். ஆனால் எத்தனை போனில்? எங்கள் சேர்வரில் கங்காணி புது ஆள் தேடுவதில்லை. தன்னையே நான்காகப் பிரதி எடுத்துக்கொள்வான். பிரதி எடுக்கிற நேரத்தில் கையில் என்ன இருந்ததோ அது நான்கு பிரதிகளின் கையிலும் இருக்கும். நான் எழுதியபடி, பிரதி எடுக்கும் முன்பே கங்காணி டேட்டாபேஸுக்குத் தொடர்பைத் திறந்து, கையில் போனோடு நின்றான். நான்கு பேருக்கும் தலைக்கு ஒரு போன் இருக்கிற மாதிரித் தெரியும். இருந்தது ஒரே லைன். ஒருவன் பெரிய பண்ணையின் குளத்தைக் கேட்கிறான், இன்னொருவன் பிலோமினா அக்காவின் குளத்தைக் கேட்கிறான். முதலில் வருகிற பதிலை, அந்த நேரம் எவன் காதை வைத்திருந்தானோ அவன் எடுத்துக்கொள்வான். பதிலின் உருவம் மாறினால் பிழை விழும். அதை நான் பொத்திவிட்டேன். உருவம் ஒன்றாக இருந்து தொகை மட்டும் மாறினால் ஒரு சத்தமும் இல்லை.

“அப்ப இத்தனை மாசமும் பெரிய பண்ணைகளுக்கு மாறிப் போயிரிக்குமே,” என்றார் மிஸ்.

போயிருந்தது. அங்கே குளத்துக்குக் குளம் ஒரு கிலோதான் வித்தியாசம். இருபத்துநாலுக்குப் பதில் இருபத்துமூன்று போனால் யார் கவனிப்பது?

“பிலோமினா கத்தோலிக்கம் தானே. அவங்களுக்கு என்ன ரெண்டு மணி?”

“தவக்காலம் மிஸ். வெள்ளி மத்தியானம் கோயில்ல சிலுவைப்பாதை. ரெண்டு மணிக்கு மாத்திவிடு தம்பி எண்டு கேட்டா. மாத்திவிட்டன்.”

மிஸ் அதையும் தாளில் எழுதினார். பிறகு, “ரெண்டு மார்க்கமும் நல்ல காரியத்துக்குத்தான் நேரம் ஒதுக்கியிரிக்கி,” என்றார். “லைன் மட்டும்தான் ஒண்டு.”

மெசேஜ் கருவியைக் கழற்றிவிட்டு, எல்லாக் குளங்களையும் ஒரே நிமிடத்தில் ஓடவிட்டுப் பார்த்தோம். திரையில் ஐந்து குளங்களுக்கு அடுத்தவர் வீட்டுச் சாப்பாடு போனது. கண்ணால் கண்டோம், ‘கண்டது’ பக்கத்தில் எழுதினோம். பிறகு தொடர்பைத் திறக்கிற வரிகளை வெட்டி, பிரதி எடுத்த பிறகு ஒவ்வொரு வேலையாளும் தன் சொந்த லைனைத் திறக்கிற இடத்தில் ஒட்டினேன். மறுபடி ஓடவிட்டோம், மறுபடி, மறுபடி. ஒன்றும் மாறவில்லை. வாயைப் பொத்தின வரியை அழித்தேன். முந்தைய வேளையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தொகை வந்தால் மெசேஜ் போகக் கூடாது, மனிதன் ஒருவன் பார்க்க வேண்டும் என்றும் சேர்த்தேன்.

“இவ்வளவு தானா மச்சான்? மேல இருந்த நாலு வரி கீழ வந்திரிக்கி.”

“இவ்வளவு தான்.”

“இதுக்கா நீ கண்ணாடி போட்ட?”

புரோகிராம் தேறியது. குளம் அப்படியில்லை. ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் போனபோது அக்கா பூசைக்குப் போகாமல் வரம்பில் நின்றார். வானம் இன்னும் மப்பு. இறால்கள் ஓரத்துக்கு வந்து, மேல்மட்டத்தில் மிதந்து மிதந்து நின்றன. அறுவடைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. இன்று பிடித்தால் இறால் சின்னது, விலை குறைவு. விட்டால் தேறலாம், ஒரேயடியாகப் போகவும் செய்யலாம்.

“ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பம் அக்கா,” என்றேன். “தண்ணி மாத்தினதுதானே. தேறும்.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “தேறினா நல்லம் எண்டு ஆருக்கு? நீ உன்ர பிழைக்குப் பாக்கிறாய். நான் இறாலுக்குப் பாக்கிறன்.”

உண்மை. அந்தக் குளம் தேறிவிட்டால் நான் செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும்; அதற்குத்தான் நான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

மிஸ் தாளை மடிக்கத் தொடங்கினார். அக்கா கையால் தடுத்தார். “எனக்கு எழுதத் தேவையில்லை மிஸ். நான் காணுறன். பிடிப்பம்.”

லொறி பதினொரு மணிக்கு வந்தது. தராசில் எழுநூற்றெண்பது கிலோ நின்றது. பக்கத்துக் குளத்தில் தண்ணீர் பழுதாகவில்லை. அதை அவர் உரிய நாளில் பிடித்தார், அது வேறு கதை. இரண்டாங் குளத்தில் இறால் சாகவில்லை. வளரும் முன் போனது.

அடுத்த நாள் மிஸ் கொழும்புக்குப் போன் எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார், நாங்களும் கேட்டோம். முதலாளி, அந்தப் பெண் கொஞ்சம் யோசித்திருக்கலாமே, ஒரு சாக்குத் தீனைக் கொட்டுவதா என்றார்.

“யோசிச்சாங்க சேர். யோசிச்சு எங்களுக்குப் போன் எடுத்தாங்க. நாங்கதான் யோசிக்க வேணாம் எண்டு சொன்ன.”

“யார் சொன்னது?”

நான் வாயைத் திறந்தேன். மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். “கம்பனி சொன்ன,” என்றார்.

போனை வைத்த பிறகு, என் சம்பளத்தில் கழியுங்கள் மிஸ் என்றேன். “கழிச்சா அடுத்த பிழைய நீங்க எனக்குச் சொல்லுவீங்களா?” என்று கேட்டார். நான் யோசிக்கிறதைப் பார்த்துவிட்டு, “அதான்,” என்று எழும்பிப் போய்விட்டார்.

நட்டக் கணக்கைப் பார்க்க அக்காவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டோம். மூன்று கிழமை கழித்துப் பிடித்திருந்தால் என்ன எடையில், என்ன விலையில் போயிருக்கும். அதிலிருந்து அந்த மூன்று கிழமைத் தீன், கரண்ட் கழித்து, ஞாயிறு கிடைத்த காசையும் கழித்து, வெள்ளிக்கிழமை கொட்டின இருபத்துநாலு கிலோ தீனின் விலையைக் கூட்டி, மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம் என்று மிஸ் எழுதினார். அது இருந்தால் குத்தகையைப் புதுப்பிக்கலாம், அடுத்த போகத்துக்குக் குஞ்சும் விடலாம். அக்கா தாளைத் தன் பக்கம் இழுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பேரம் தொடங்கப் போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“இது பிழை,” என்றார். “அண்டைக்கு நீங்கள் மெசேஜ் அனுப்பாட்டிலும் ஆறு கிலோ நான் போட்டிருப்பன். அது என்ர செலவு. அதைக் கழி தம்பி.”

ஆறு கிலோவுக்கு மூவாயிரத்து முந்நூறு. கழித்தேன். கம்பனி காசோலை எழுதியது மூன்று இலட்சத்து எண்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாவுக்கு.